வரைபடத்தில் எழுதிய குறிப்பு மேசன் பாஸின் கைக்குப் போய்ச் சேருகிறதா?

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் ஒழுங்கு செய்த தொழில்சார் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரையை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தயாரித்தோம். ஒருவர் படவரைஞர், ஒருவர் குவாண்டிட்டி சர்வேயர், மற்றவர் உள்ளூராட்சி மன்றமொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். மூவரும் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி இந்தப் பாடசாலைக்கு வந்து படித்தவர்கள். ஆகவே 'நாங்கள்' என்றே பேசுகிறோம்.

எங்களுக்குக் கொடுத்த தலைப்பு "கணினியும் கட்டட வேலையும்". அதில் ஒரு சிறிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். கட்டட வரைபடங்கள் இன்று பெரும்பாலும் பீ.டீ.எப். கோப்பாகத்தான் கைமாறுகின்றன. அந்தக் கோப்பின் மேல் பொறியியலாளரும் மற்றவர்களும் குறிப்பு எழுதுகிறார்கள். அந்தக் குறிப்பு எங்கே தொலைந்து போகிறது, தொலையாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதுதான் எங்கள் பேச்சு. இதைக் கேட்டு "இது கம்பியூட்டர்காரருக்கு உள்ள விஷயம்" என்று அக்காமார் யாரும் எழுந்து தேநீருக்குப் போய்விட வேண்டாம். இது வீடு பற்றிய விஷயமும்தான்.

வீட்டிலிருந்தே தொடங்குவோம். 10 அடிக்கு 12 அடி லயக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். 7 பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு என்பது கடந்த பத்து ஆண்டுகளில் தோட்ட வீடமைப்பில் நமக்குப் பழகிப்போன கணக்கு. ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர். அப்படியென்றால் 7 பேர்ச்சஸ் ஏறக்குறைய 177 சதுர மீற்றர். வீடு 51 சதுர மீற்றர். மீதி 126 சதுர மீற்றரில்தான் கான், மலசலகூடக் குழி, தண்ணீர்த் தொட்டி, விறகு அடுக்கும் இடம், நாலு மிளகாய்ச் செடி எல்லாம் அடங்க வேண்டும். இதெல்லாம் சமதரையில் அல்ல, சரிவில்.

சரிவு என்றால் என்னவென்று கேகாலைக்கும் இரத்தினபுரிக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புலத்கோஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் லயத்தின் மேல் மண் வந்து விழுந்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தையும் மண்சரிவையும் சேர்த்தே கண்டது. எங்கள் பக்கத்தில் வீட்டு வரைபடத்தின் மேல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரைகளும் பொறியியலாளரின் குறிப்புகளும் ஏறுவது அதனால்தான். "வீட்டுக்குப் பின்னால் இத்தனை மீற்றர் விடு", "மண் வெட்ட முன்னர் மேலே கான் வெட்டு", "தாங்குசுவரில் தண்ணீர் வடியக் குழாய் வை" என்று சிவப்பில் எழுதப்படும் நாலு சொல், அந்த வரைபடத்தில் உள்ள எல்லாக் கோடுகளையும் விடப் பெறுமதியானது.

முன்பு அந்தக் குறிப்பைச் சிவப்புப் பென்சிலால் கடதாசியில் எழுதினார்கள். எழுதியது கடதாசியோடு போனது. இன்று நிலைமை வேறு. பீ.டீ.எப். வடிவத்தை அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்டது. 2008இல் அது சர்வதேச நியமமானது. கட்டட வரைபடங்களில் குறிப்பெழுதவென்றே வந்த மென்பொருள்களில் அதிகம் பேசப்படுவது புளூபீம் ரெவ்யூ. அந்த நிறுவனம் 2002இல் கலிபோர்னியாவின் பசடீனாவில் தொடங்கியது. 2014 முதல் ஜெர்மனியின் நெமெச்செக் குழுமத்துக்குச் சொந்தமாக இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்களுக்காகக் கொழும்பிலோ வீட்டிலோ இருந்து அளவு எடுக்கும் நம் தங்கைமார் பலருக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

எந்த மென்பொருளாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். பூமிசாஸ்திர வகுப்பில் இலங்கைப் படத்தின் மேல் ட்ரேசிங் பேப்பர் வைத்து ஆறுகளைக் கீறினோமே, நினைவிருக்கிறதா? அதுபோலத்தான் இதுவும். வரைபடம் கீழே இருக்கிறது. குறிப்புகள் அதன் மேல் தனியான பொருளாக உட்காருகின்றன. தனியாக இருப்பதால்தான் அழிக்கலாம், நகர்த்தலாம், யார் எப்போது எழுதியது என்று பார்க்கலாம். அதே காரணத்தால்தான் கீழே உள்ள படம் மட்டும் போய்ச் சேர்ந்து, மேலே உள்ள தாள் வழியில் விழுந்துவிடவும் முடிகிறது.

நாங்கள் நேரில் பார்த்த ஒரு விடயத்தைச் சொல்கிறோம். தோட்டத்தின் பெயரோ வேலை செய்தவர்களின் பெயரோ வேண்டாம். ஒரு சரிவில் வரிசையாக வீடுகள் கட்டும் வேலை. பின்பக்க மண்ணை வெட்ட முன்னர் மேலே குறுக்குக் கான் ஒன்று வெட்ட வேண்டும் என்று வரைபடத்தில் குறிப்பு இருந்தது. ஆனால் அது மஞ்சள் ஒட்டுத்தாள் போன்ற குறிப்பாக, சுட்டியால் தொட்டால் மட்டும் திறக்கும் விதத்தில் எழுதப்பட்டிருந்தது. கோப்பு வட்ஸ்அப்பில் போனது. நகரத்துக் கொமியுனிகேஷன் கடையில் பிரிண்ட் எடுத்தார்கள். தாளில் வந்தது அரை அங்குல மஞ்சள் அடையாளம் மட்டும். மேசன் பாஸ் அதை மை சிந்திய கறை என்று நினைத்தார். அவரை யாரும் குறை சொல்ல முடியாது, அந்தத் தாளில் வேறு எதுவும் இருக்கவில்லை. முதல் நாலு வீட்டுக்கு மண் வெட்டி முடிந்தபின், வீடு கிடைக்கவிருந்த ஒரு அம்மாயி வந்து நின்று, "மேலுக்கு உள்ள தண்ணி மழைக்கு எந்தப் பக்கம் போகும் தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் கோப்பைக் கணினியில் திறந்து பார்த்தார்கள். நல்லவேளையாக மழைக்கு முன்னர் கான் வெட்டப்பட்டது.

இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட பழக்கங்கள் மூன்று. முதலாவது, கட்டுமானத்தைப் பாதிக்கும் எதையும் ஒட்டுத்தாள் குறிப்பில் எழுதுவதில்லை. தாளில் அப்படியே தெரியும் எழுத்துப் பெட்டியில், அம்புக்குறியோடு எழுதுகிறோம். இரண்டாவது, வெளியே அனுப்பும் பிரதியில் குறிப்புகளைப் படத்தோடு ஒட்டிவிடுகிறோம். மென்பொருளில் இதற்கு 'பிளாட்டன்' என்று பெயர். ஒட்டியபின் எந்தப் போனில் திறந்தாலும் குறிப்புத் தெரியும். ஒட்டாத மூலப் பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒட்டும்போதும் ஒட்டுத்தாளின் உள்ளே இருக்கும் எழுத்து வராது, அடையாளம் மட்டுமே வரும் என்பதையும் மறக்கக் கூடாது. மூன்றாவது, பிரிண்ட் எடுக்கும் பெட்டியில் 'ஆவணம் மட்டும்', 'ஆவணமும் குறிப்புகளும்' என்று தெரிவு இருக்கும். இரண்டாவதைத் தெரிய வேண்டும். கடைத் தம்பியிடம் இதைச் சொல்லிக் கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

அடுத்தது அளவுத்திட்டம். ஏ3 தாளுக்கு 1க்கு 100 என்று கீறிய படத்தை, கடையில் 'தாளுக்கு ஏற்றபடி' என்று ஏ4இல் எடுத்துத் தருகிறார்கள். படம் நூற்றுக்கு 71 அளவுக்குச் சுருங்குகிறது. ஆனால் மூலையில் '1:100' என்ற எழுத்து அப்படியே இருக்கிறது. அந்தத் தாளில் அடிமட்டம் வைத்தால் 10 அடி அறை 7 அடி என்று காட்டும். பின்சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் இடையில் விட வேண்டிய 2 மீற்றர், 1.4 மீற்றராகிவிடும். பரப்பளவு இன்னும் மோசம். நீளம் 0.71 என்றால் பரப்பு சரிபாதி. 550 சதுர அடி வீட்டுக்கு 275 சதுர அடிக்கான தரைச் சீமெந்துதான் கணக்கில் வரும்.

கணினியிலும் இதே பிழை நடக்கும். சுருங்கிய படத்தையே பீ.டீ.எப். ஆகச் சேமித்து அனுப்பியிருந்தால், மென்பொருளில் '1க்கு 100' என்று தட்டினாலும் விடை பிழைதான். ஆகவே மூலையில் எழுதியிருக்கும் அளவுத்திட்டத்தை நம்பாமல், படத்தில் எழுத்தால் கொடுத்திருக்கும் ஒரு நீளத்தை எடுங்கள். '20 அடி' என்று எழுதிய சுவரின் இரண்டு முனையையும் தொட்டு, இது 20 அடி என்று மென்பொருளுக்குச் சொல்லுங்கள். இதைத்தான் 'காலிபிரேட்' என்கிறார்கள். பிறகு குறுக்குப் பக்கமாக இன்னொரு நீளத்தை அளந்து சரிபாருங்கள். போட்டோகொப்பி எடுத்து, ஸ்கேன் பண்ணி வந்த படங்கள் ஒரு பக்கம் மட்டும் இழுபட்டிருக்கும். ரெவ்யூவில் நீளத்துக்கும் அகலத்துக்கும் வேறு வேறு அளவுத்திட்டம் கொடுக்க வழி இருக்கிறது. ஒரே தாளில் வீட்டுப் படம் ஒரு அளவிலும் அத்திவார வெட்டுமுகம் வேறொரு அளவிலும் இருந்தால், ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே எல்லை போட்டு அளவு கொடுக்கலாம். அனுப்பும் படத்தில் ஒரு மூலையில் 5 மீற்றர் நீளக் கோடு ஒன்றைக் கீறி, '5 மீற்றர்' என்று எழுதிவிடுங்கள். படம் எவ்வளவு சுருங்கினாலும் அந்தக் கோடும் சேர்ந்து சுருங்கும், வாசிப்பவருக்கு உண்மை தெரிந்துவிடும்.

மூன்றாவது சிக்கல் நம்முடைய மொழி. ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பைச் சப்ரகமுவத் தோட்டத்தில் எத்தனை பேர் வாசிப்பார்கள்? தமிழில் எழுதினால் கட்டம் கட்டமாக வருகிறது, அல்லது 'கொ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கிறது. மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது என்று விட்டுவிடுகிறார்கள். காரணம் வேறு. பீ.டீ.எப். குறிப்பு ஒவ்வொன்றும் இரண்டு பொருளைச் சுமந்து போகிறது. ஒன்று நாம் தட்டிய எழுத்து, மற்றது அந்த எழுத்து எப்படித் தெரிய வேண்டும் என்ற படம். படத்தை உண்டாக்கும்போது தமிழ் இல்லாத எழுத்துருவைப் பயன்படுத்தினால் கட்டங்கள் வரும். அதனால்தான் பக்கத்துப் பட்டியலில் தமிழ் சரியாகத் தெரியும், வரைபடத்தின் மேல் பிழையாகத் தெரியும். முதலில் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். விண்டோஸில் நிர்மலா இருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகக் கிடைக்கிறது. பாமினியில் தட்டாதீர்கள். பாமினி ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் முகமூடி போட்ட எழுத்துரு. அது இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வரும், தேடவும் முடியாது.

எழுத்துருவை மாற்றியும் கொம்பு இடம் மாறினால், அந்த மென்பொருள் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாதது என்று அர்த்தம். அதற்கும் வழி உண்டு. இதை இந்த உரையின் முக்கியமான பகுதியாக நினைக்கிறோம். நமக்கு வேண்டிய வசனத்தை வேர்ட் போன்ற ஒன்றில் தமிழில் தட்டி, அதைப் பீ.டீ.எப். ஆகச் சேமித்து, அந்தக் கோப்பையே மென்பொருளில் முத்திரையாகச் சேருங்கள். ஆபீஸில் ரப்பர் முத்திரை குத்துவது போலத்தான். எழுத்துரு முத்திரைக்குள்ளேயே இருப்பதால் எங்கே போனாலும் எழுத்து மாறாது. ஒரு முறை செய்தால் போதும்.

நாங்கள் செய்து வைத்திருப்பவை 20 முத்திரைகள். "மண் வெட்ட முன்னர் இங்கே கான் வெட்டவும்", "இந்த இடைவெளியைக் குறைக்க வேண்டாம்", "கதவு இந்தப் பக்கம் திறக்கும்", "மலசலகூடக் குழி இங்கே அல்ல", "அளவை நேரில் பார்த்துக் கீறவும்" என்பவை அவற்றில் சில. ஒவ்வொன்றிலும் மேலே தமிழ், கீழே சிங்களம். எங்கள் பகுதியில் ஒரே வேலைத்தளத்தில் இரண்டு மொழிக்காரரும் வேலை செய்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே தாளைப் பார்த்துப் பேசிக்கொள்ளட்டும்.

மென்பொருளை நமக்கேற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. ரெவ்யூவில் நாம் அடிக்கடி பாவிக்கும் கோடுகளையும் முத்திரைகளையும் ஒரு கருவித்தொகுதியாகச் சேமித்து மற்றவருக்கும் அனுப்பலாம். எங்கள் தொகுதியில் கானுக்கு நீலக் கோடு, தாங்குசுவருக்குப் பழுப்பு, தொடக்கூடாத இடத்துக்குச் சிவப்பு. கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தாலும் பிரித்தறிய, கோட்டின் வடிவத்தையும் வேறு வேறாக வைத்திருக்கிறோம். குறிப்புகளின் பட்டியலில் நமக்கு வேண்டிய நிரல்களைச் சேர்க்கலாம். 'யார் செய்ய வேண்டும்', 'செய்து முடிந்ததா', 'வீட்டுக்காரருக்குக் காட்டியாச்சா' என்று மூன்று நிரல் வைத்திருக்கிறோம். சதுர மீற்றரை 25.29ஆல் வகுத்துப் பேர்ச்சஸில் காட்டும் நிரலும் உண்டு. காணித்துண்டு 7 பேர்ச்சஸ்தானா என்று கேட்டால், ஏறத்தாழ உடனே சொல்லலாம். ஆனால் அது எங்கள் சரிபார்ப்புக்கு மட்டும். காணியின் எல்லையை உரிமம் பெற்ற நில அளவையாளரின் படம்தான் தீர்மானிக்கும். அந்தப் படத்தின் மேல் நாம் என்ன கீறினாலும் எல்லை நகராது.

படவரைஞராக இருக்கும் தங்கைமாருக்கு ஒரு சிறு குறிப்பு. ஓட்டோகாட்டிலிருந்து எடுத்த படத்தைத் திறந்தால் நாம் எழுதாத நூற்றுக்கணக்கான குறிப்புகள் பட்டியலில் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். வைரஸ் இல்லை. 2016 பதிப்பிலிருந்து, எஸ்.எச்.எக்ஸ். எழுத்துருவில் உள்ள எழுத்தைத் தேடுவதற்கு வசதியாக ஓட்டோகாட் குறிப்பாகவும் சேர்த்து அனுப்புகிறது. அதற்கான அமைப்பைப் பூச்சியமாக்கிவிட்டு மீண்டும் பீ.டீ.எப். எடுத்தால் போய்விடும். அந்தக் கூட்டத்துக்குள் பொறியியலாளரின் உண்மையான நாலு குறிப்பு மறைந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். ரெவ்யூ 2022 முதல் ஆண்டுச் சந்தா முறைக்கு மாறிவிட்டது. டொலரில் கட்டுவது நம் சிறிய அலுவலகங்களுக்குப் பாரம். ஆனால் குறிப்பெழுதுவதற்கு அது இல்லாமல் முடியாது என்று இல்லை. அடோபியின் இலவச ரீடரிலும், ஒகுலர் என்ற இலவச மென்பொருளிலும் குறிப்பு எழுதலாம், முத்திரை குத்தலாம். ஒட்டுத்தாளில் எழுதாமல் இருப்பதற்கும், 5 மீற்றர்க் கோடு கீறுவதற்கும், பிரிண்ட் எடுத்த தாளை ஒரு முறை அடிமட்டத்தால் அளந்து பார்ப்பதற்கும் சந்தா தேவையில்லை.

இத்தனையும் செய்தாலும் கடைசியில் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. 'வீட்டுக்காரருக்குக் காட்டியாச்சா' என்ற நிரலை நாங்கள் வெறுமனே வைக்கவில்லை. எங்கள் அனுபவத்தில் தோட்டத்தில் வீட்டு வரைபடம் தொரையிடம் போகும், ஒப்பந்தக்காரரிடம் போகும், பிரதேச சபைக்குப் போகும். அந்த வீட்டில் 30 வருடம் சமைக்கப் போகிறவளிடம் போவது குறைவு. புகை எந்தப் பக்கம் போகும், தண்ணீர்க் குழாய் எங்கே, மழைநீர் யாருடைய வாசலில் போய் விழும் என்று கேட்கத் தெரிந்தவள் அவள்தான். கொழுந்து மலையில் எந்தக் கான் எப்போது நிரம்பும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆகவே எங்களால் முடிந்த இடங்களில் ஏ3 தாளில் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, பிள்ளைக் காம்பராவிலோ கோயில் மண்டபத்திலோ விரித்துவைத்து, முத்திரைகளை வாசித்துக் காட்டுகிறோம். அவர்கள் சொல்வதை அந்த இடத்திலேயே குறிப்பாகச் சேர்த்து, அவர்களின் பெயரிலேயே பட்டியலில் பதிகிறோம். பொறியியலாளர் அதற்கும் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

இந்த நூற்றாண்டு விழாவில் சங்கத்திடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, நம் பாடசாலையின் கணினி அறையில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாணவிகளுக்குச் சனிக்கிழமைகளில் வரைபடம் வாசிக்கவும், அளக்கவும், குறிப்பெழுதவும் சொல்லித்தர இடம் தாருங்கள். கற்பிப்பது எங்கள் பொறுப்பு. இலவச மென்பொருளிலேயே தொடங்கலாம். தொழிலாகப் போகிறவள் போகட்டும், போகாதவளும் தன் வீட்டுப் படத்தைத் தானே வாசிப்பாள். இரண்டு, நாங்கள் செய்த முத்திரைத் தொகுதியைச் சங்கத்துக்கு ஒப்படைக்கிறோம். தமிழும் சிங்களமும் நன்றாகத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இதில் இருக்கிறீர்கள். வசனங்களைத் திருத்தி, கூட்டி, கேட்பவர்களுக்கெல்லாம் கொடுங்கள். விலை வேண்டாம்.

முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கட்டட வேலை நடந்தால், இன்று போய் அந்தப் பிளானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று தேடுங்கள். தாளில் தெரியாவிட்டால் கேளுங்கள்.